பெட்டகம் சிக்கினால்: பாஸ்வேர்டுகளை டிரைவ் வழியாக இணைத்து வைத்திருப்பவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நான் நடத்தும் செல்போன், கணினிப் பழுதுபார்க்கும் கடைக்குத் தடைக்காலத்தில்தான் கூட்டம் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அந்த நாட்களில்தான் கைக்கு வரும். உட்கார்ந்து பார்த்தால் பாஸ்வேர்டு நினைவில் இருக்காது. அல்லது, பாஸ்வேர்டுகளைப் போட்டு வைத்த பெட்டகம் திறக்காது.

நான் பலருக்கு அமைத்துக் கொடுத்திருப்பது ஒரே முறைதான். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ் என்ற செயலியின் வகையில் ஒரு பெட்டகக் கோப்பு. அது கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு ஒன்றில் இருக்கும்; பொதுவாக டிரைவ் என்றே சொல்கிறேன். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்2ஆண்ட்ராய்டு அல்லது கீபாஸ்டிஎக்ஸ், ஐஃபோனில் கீபாசியம் அல்லது ஸ்ட்ராங்பாக்ஸ் அதைத் திறக்கும். மனைவி கீழக்கரையிலும் கணவர் துபாயிலும் இருந்தாலும் இருவரும் ஒரே பெட்டகத்தைப் புழங்கலாம். ஒழுங்காக ஓடும்வரை அது இருப்பதே தெரியாது. சிக்கும்போது பதறிப்போய் ஏதாவது ஒரு கோப்பை அழித்துவிடுகிறார்கள், அழித்த பிறகு கடைக்கு வருகிறார்கள். அழிப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லாரியும் பூட்டும்

பாம்பனிலிருந்து மீன் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஐஸ் போட்டு, மூடி, கட்டி, பிறகுதான் லாரியில் ஏற்றுகிறோம். டிரைவ் என்பது அந்த லாரி மட்டும்தான். பூட்டு போடுவது உங்கள் போனில் அல்லது கணினியில், கோப்பு வெளியே கிளம்பும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு லாரிக்காரருக்குப் போவதே இல்லை.

கீபாஸை ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைஷ்ல் 2003-இல் வெளியிட்டார். இன்று நாம் பயன்படுத்த வேண்டிய கேடிபிஎக்ஸ் 4 என்ற கோப்பு வடிவம் 2017-இல் வந்தது. இதில் கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் ஏஇஎஸ்-256 அல்லது சாச்சா20 முறையில், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. நீங்கள் தட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டு நேரடியாகச் சாவியாக ஆவதில்லை. ஆர்கான்2 என்ற கணக்கு அதை எடுத்து, நிறைய நினைவகமும் நேரமும் செலவழித்து அரைத்த பிறகுதான் சாவி கிடைக்கும். 2015-இல் பாஸ்வேர்டு காப்பு முறைகளுக்கென்று நடந்த போட்டியில் வென்ற முறை இது. திருடன் ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே செலவைச் செய்தாக வேண்டும் என்பதுதான் இதன் பலம். கூடவே, கோப்பில் யாராவது கை வைத்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரை ஒன்றும் உண்டு. அதன் பெயர் எச்மேக். இந்தப் பெயர் பின்னால் ஒரு பிழைச் செய்தியில் வரும்.

பூட்டுக்கு வெளியே தெரிவது கோப்பின் தலைப்பகுதி மட்டும்: எந்த மறையாக்க முறை, ஆர்கான்2 எத்தனை சுற்று, இப்படி. உங்களுக்கு எந்த வங்கியில் கணக்கு, எந்தத் தளத்தில் என்ன பெயர் என்பதெல்லாம் உள்ளேதான். இது சின்ன விஷயம் இல்லை. 2022-இல் பாஸ்வேர்டுகளைக் காத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடு போனபோது, பாஸ்வேர்டுகள் மறையாக்கத்துக்குள் இருந்தாலும் வலைத்தள முகவரிகள் வெளிப்படையாகவே இருந்தன. யாருக்கு எங்கே கணக்கு என்ற பட்டியல் திருடனுக்கு உழைக்காமலே கிடைத்தது.

ஆனால் இந்தப் பலமெல்லாம் மாஸ்டர் பாஸ்வேர்டு நன்றாக இருந்தால்தான். படகின் பதிவெண், மகளின் பெயரோடு பிறந்த ஆண்டு, செல்போன் எண் இவற்றை வைத்திருந்தால் ஆர்கான்2 காப்பாற்றாது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் முதல் வேலை

கண்ணில் படும் எல்லாப் பெட்டகக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். போனில் உள்ளது, கணினியில் உள்ளது, டிரைவ் இணையதளத்தில் உள்ளது, ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பெயரிலேயே குறித்து வையுங்கள். கோப்பு பெரும்பாலும் சில நூறு கேபிதான் இருக்கும். அப்புறம்தான் எதையும் தொடவேண்டும். கடைக்கு வருகிறவர்களின் பெட்டகங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. ஒன்றையொன்று சந்திக்காமல் தனித்தனியே வளர்ந்த இரண்டு பிரதிகள், அவ்வளவுதான். பழையதாகத் தெரியும் பிரதியில்தான் நீங்கள் தேடும் ஒரே ஒரு பாஸ்வேர்டு இருக்கும்.

"போனில் சேர்த்தேன், கணினியில் வரவில்லை"

முதலில் போனில் எந்தக் கோப்பைத் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். பெட்டகம் திறக்கும் திரையிலேயே கோப்பு இருக்கும் இடம் காட்டும். அங்கே டவுன்லோட்ஸ் என்றோ வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் என்றோ இருந்தால் சிக்கல் அங்கேயேதான். டிரைவிலிருந்து ஒரு பிரதியை இறக்கி, அந்தப் பிரதியைத் திறந்து வேலை செய்கிறீர்கள். அதில் எழுதுவது எதுவும் டிரைவுக்குத் திரும்பிப் போகாது. தங்கச்சிமடத்தில் என் மைத்துனர் எட்டு மாதம் இப்படியே ஓட்டினார். போனில் திறக்கிறது, சேமிக்கிறது, பிழை எதுவும் காட்டவில்லை, அதனால் சந்தேகமே வரவில்லை. கணினி வாங்கிய அன்றுதான் தெரிந்தது. போனில் இருந்த பிரதியை அழிக்காமல் வைத்திருந்ததால் எட்டு மாதப் பதிவும் மிஞ்சியது. அடுத்த பகுதியில் சொல்லும் முறைப்படி இரண்டையும் ஒன்றாக்கினோம்.

இனி மேல் திறக்கும்போது செயலிக்குள்ளிருந்தே டிரைவைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள கோப்பை நேரடியாகத் திறக்க வேண்டும். கீபாஸ்2ஆண்ட்ராய்டில் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாம் உள்ளேயே உண்டு. இணையம் இல்லாதபோது தன்னிடமுள்ள பிரதியைத் திறந்து காட்டும், சிக்னல் வந்ததும் டிரைவில் உள்ளதோடு சேர்த்துக்கொள்ளும். கீபாஸ்டிஎக்ஸ் வேறு மாதிரி. அதற்கு இணைய அனுமதியே கிடையாது, ஆண்ட்ராய்டின் கோப்பு வசதி வழியாகத்தான் டிரைவைத் தொடும். பாதுகாப்பில் அது நல்ல குணம். ஆனால் கூகுள் டிரைவில் எழுதும்போது சில போன்களில் அந்த வழி தடுமாறுகிறது. கடலுக்குப் போய் வருகிறவர்களுக்கு நான் கீபாஸ்2ஆண்ட்ராய்டைத்தான் போட்டுத் தருகிறேன்.

இடம் சரியாக இருந்தும் போய்ச் சேரவில்லை என்றால் சிக்னலைப் பாருங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதான். திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும், ஆனால் ரோமிங் டேட்டா இல்லாததால் ஒரு பைட்கூட நகராது. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி நம் நிறுவனத்தின் பெயரையே கைப்பட வைத்துக்கொள்ளுங்கள். ரோமிங்கைத் திறந்துவிட்டு ஒத்திசைக்க (சிங்க் செய்ய) வேண்டாம், பில் எகிறிவிடும்.

சிக்னலும் இருக்கிறது என்றால் டிரைவில் இடம் இருக்கிறதா? கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. முன்பு வாட்ஸ்அப் பேக்கப் இந்தக் கணக்கில் சேராது. 2024 முதல் அதுவும் சேர்கிறது. வலை இழுக்கும் வீடியோ, கல்யாண வீடியோ என்று வாட்ஸ்அப் நிரம்பினால் டிரைவும் நிரம்பும். நிரம்பிய டிரைவில் 200 கேபி பெட்டகம்கூட ஏறாது. போனின் செயலியோ வாய் திறக்காமல் தன் பிரதியில் சேமித்துக்கொண்டு போகும். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவை மட்டும் நீக்கினாலே பெரும்பாலும் போதும்.

இன்னொரு காரணம் கணினிப் பக்கம் உண்டு. கீபாஸ்எக்ஸ்சி சேமிக்கும்போது பத்திரத்துக்காகத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, பிறகு அதைப் பழையதன் இடத்தில் வைக்கும். சில ஒத்திசைவுச் செயலிகள் இதைப் பழைய கோப்பு அழிந்து புதிய கோப்பு பிறந்ததாக எடுத்துக்கொள்ளும். போன் பிடித்துக்கொண்டிருப்பது அழிந்துபோன பழைய கோப்பை. போனில் மறுபடி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிறது, கணினியில் அடுத்த முறை சேமித்ததும் திரும்பப் பழுதாகிறது என்றால் இதுதான் நோய். செட்டிங்ஸில் ஃபைல் மேனேஜ்மென்ட் பகுதியில் 'ஆல்டர்நேட்டிவ் சேவிங் மெத்தட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை இயக்குங்கள். அங்கேயே சேமிக்கும் முன் பேக்கப் எடுக்கும் தேர்வையும் இயக்கிவிடுங்கள்.

"ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கிறது"

இங்கேதான் அதிகம் பேர் இழக்கிறார்கள்.

இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில், அல்லது ஒன்று இணையம் இல்லாமல் இருந்தபோது, பெட்டகத்தை மாற்றிச் சேமித்தால் லாரிக்காரருக்கு எது சரி என்று தெரியாது. பெட்டி பூட்டியிருக்கிறது, உள்ளே பார்க்க முடியாது. அதனால் இரண்டையும் இறக்கி வைத்துவிடுகிறார். டிராப்பாக்ஸ் 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று கணினியின் பெயரும் தேதியும் ஒட்டித் தரும். ஒன்டிரைவ் கருவியின் பெயரை ஒட்டும். கூகுள் டிரைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு அருகருகே இருக்கவே முடியும், ஏனென்றால் அது கோப்பைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, உள்ளே வேறு ஒரு அடையாளம் வைத்திருக்கிறது. பார்க்கிறவர் "இது பழசு" என்று ஒன்றைத் தூக்கிப் போடுகிறார். கோப்பின் தேதி புதிதாக இருப்பதால் உள்ளே இருக்கும் எல்லாமே புதிதாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது இது. கணினியில் முதன்மைக் கோப்பை, அதாவது வழக்கமாகத் திறக்கும் கோப்பைத் திறங்கள். கீபாஸ்எக்ஸ்சியில் டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' என்பதை அழுத்தி, இப்படி மோதலில் பிறந்த இன்னொரு கோப்பை (மோதல் கோப்பு) காட்டுங்கள். அதன் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கொடுங்கள். முடிந்ததும் சேமியுங்கள். பழைய கீபாஸ் செயலியே பயன்படுத்துகிறவர்களுக்கு ஃபைல் மெனுவில் 'சிங்க்ரனைஸ்' என்று இருக்கும், வேலை அதேதான். பிறகு டிரைவ் இணையதளத்துக்குப் போய் முதன்மைக் கோப்பு ஏறிவிட்டதா என்று நேரத்தைப் பாருங்கள். போனில் திறந்து, மோதல் கோப்பில் மட்டும் இருந்த ஒரு பதிவு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்த பிறகு மோதல் கோப்பை அழிக்கலாம். பென் டிரைவில் உள்ளது ஒரு மாதமாவது இருக்கட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பயம் போகும். பெட்டகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு, கடைசியாக மாறிய நேரமும் உண்டு. இரண்டு கோப்பிலும் ஒரே எண் இருந்தால் பிந்தி மாறியது மேலே நிற்கும். முந்தியது அந்தப் பதிவின் ஹிஸ்டரிக்குள் போகும், அழியாது. வழக்கமாக ஒரு பதிவுக்குப் பழைய 10 நிலைகள் வரை அங்கே இருக்கும். இரண்டு விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்று, பதிவு முழுசாகத்தான் ஜெயிக்கும், தோற்கும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றி, வீட்டில் இன்னொருவர் அதே பதிவில் குறிப்பை மாற்றியிருந்தால் இரண்டும் கலந்து வராது. இன்னொன்று, இரண்டு பேரும் தனித்தனியாகப் புதுப் பெட்டகம் தொடங்கியிருந்தால் அடையாள எண்கள் ஒத்துப்போகாது, எல்லாப் பதிவும் இரட்டை இரட்டையாக வரும். அப்படி வந்தால் பொறுமையாக உட்கார்ந்து களைய வேண்டியதுதான்.

நேரம் என்றேன் இல்லையா, அதில் ஒரு வினோதமான கேஸ். கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை வந்தார். "அண்ணே, மச்சான் துபாயில மாத்துன பாஸ்வேர்டு எதுவும் நிக்க மாட்டேங்குது. நான் மாத்துனதுதான் எப்பவும் மேல வருது" என்றார். முதன்மைக் கோப்பும் சரி, மெர்ஜும் சரி. வீடியோ காலில் கணவரின் போனைக் காட்டச் சொன்னேன். ஊரிலிருந்து கொண்டுபோன போனில் நேரத்தைத் தானியங்கியாக வைக்காமல், நேர மண்டலத்தை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, முள்ளை மட்டும் துபாய் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். பெட்டகம் நேரத்தைக் குறிப்பது உலகப் பொது நேரத்தில். மண்டலம் இந்தியா என்று போன் சொல்வதால் பொது நேரம் கணக்கிடும்போது ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போய்விடுகிறது. நம் நேரப்படி அவர் பத்து மணிக்கு மாற்றியது எட்டரைக்கு மாற்றியதாகப் பதிவாகும். ஒன்பது மணிக்கு மனைவி அதே பதிவைத் தொட்டிருந்தால் மனைவியுடையதுதான் ஜெயிக்கும். தானியங்கி நேரத்தை இயக்கியதும் சரியானது. தோற்றுப்போன பாஸ்வேர்டுகளை ஹிஸ்டரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். அரிச்சல்முனையில் இலங்கைக் கோபுரம் பிடித்தாலும் இந்தச் சிக்கல் வராது, 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான்.

"பாஸ்வேர்டு சரிதான், திறக்க மாட்டேன் என்கிறது"

கீபாஸ்எக்ஸ்சி இந்த இடத்தில் 'எச்மேக் மிஸ்மேட்ச்' என்று காட்டி, கோப்பு கெட்டிருக்கலாம் என்றும் சொல்லும். அதைப் படித்ததும் பலர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். முத்திரையைச் சரிபார்க்கும் சாவியே மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தவறினாலும், கோப்பில் உள்ள அந்த முத்திரையே சிதைந்தாலும் ஒரே செய்திதான் வரும். முதலில் பாஸ்வேர்டைச் சந்தேகப்படுங்கள்.

கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பாருங்கள். போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கலாம், பரிந்துரைச் சொல்லைத் தொட்டபோது கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்திருக்கலாம். அந்த இடைவெளி கண்ணுக்கும் தெரியாது.

தமிழில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. தொண்டி என்று தட்டுகிறீர்கள். அதில் உள்ள 'தொ'வின் கொம்பும் காலும், கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். பெட்டகத்துக்கு அவை வேறு வேறு பாஸ்வேர்டு. தோணியின் 'தோ'வுக்கும் இதே கதை. 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும். போனின் கீபோர்டு ஒரு விதமாகவும் கணினியின் கீபோர்டு இன்னொரு விதமாகவும் தந்தால், ஒன்றில் திறக்கும், மற்றதில் திறக்காது. நம் மொழியில் வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ச் சொற்களையே யோசியுங்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இப்போதே மாட்டிக்கொண்டவர்கள், எந்தக் கருவியில், எந்தக் கீபோர்டில் முதலில் வைத்தீர்களோ அங்கேயே போய்த் திறந்து மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சாவிக் கோப்பு. சிலர் பாஸ்வேர்டோடு ஒரு புகைப்படத்தையும் சாவியாக வைத்திருப்பார்கள். அதைத் துபாயிலிருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். படம் அதே படம், பைட்டுகள் வேறு. ஒரு பைட் மாறினாலும் சாவி சேராது. அசல் படம் முதல் போனின் கேலரியில் இருக்கும், அதை டாக்குமென்டாக அனுப்பினால் மாறாமல் போகும். போட்டோவைச் சாவியாக வைப்பதை விட்டு, செயலியே உருவாக்கித் தரும் சாவிக் கோப்புக்கு மாறிக்கொள்வது நல்லது. அந்தக் கோப்பைப் பெட்டகம் இருக்கும் அதே டிரைவ் கணக்கில் வைக்காதீர்கள். பெட்டியையும் சாவியையும் ஒரே லாரியில் ஏற்றினால் சாவி எதற்கு?

இவ்வளவும் சரி, இன்னும் திறக்கவில்லை என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றோ வழக்கத்தில் பாதி என்றோ இருந்தால் பாதி இறங்கியபோது கரண்டோ சிக்னலோ போயிருக்கிறது. டிரைவ் இணையதளத்தில் அந்தக் கோப்பின் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். பழைய நிலைகளைக் கூகுள் 30 நாள் அல்லது 100 நிலைகள் வரை வைத்திருக்கும். கடைசியாக நல்ல அளவில் இருந்ததை இறக்கித் திறங்கள். நாள் தள்ளாதீர்கள், அந்த 30 நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

"கணினியில் திறக்கிறது, போனில் செயலி மூடிக்கொள்கிறது"

ஆர்கான்2-க்கு ஒதுக்கிய நினைவகம் அதிகம். யாரோ ஆர்வத்தில் 1 ஜிபி என்று வைத்திருப்பார்கள், விலை குறைந்த போனால் அதைத் தூக்க முடியாது. ஐஃபோனில் இன்னும் நுட்பமாக வரும்: செயலியில் திறக்கும், ஆனால் தானாக நிரப்பும்போது மட்டும் விழும். அந்தப் பகுதிக்கு ஐஓஎஸ் தரும் நினைவகம் சுமார் 120 எம்பிதான். கணினியில் டேட்டாபேஸ் செக்யூரிட்டிக்குப் போய் 64 எம்பி என்று மாற்றிச் சேமியுங்கள், எல்லாக் கருவியிலும் ஓடும். அங்கே வடிவம் கேடிபிஎக்ஸ் 3 என்று காட்டினால் அப்படியே 4-க்கு ஏற்றிவிடுங்கள்.

சில தளங்கள் நுழையும்போது பாஸ்வேர்டோடு கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டையும் பெட்டகத்தில் வைத்திருந்து அது தவறு என்று தளம் சொன்னால், மறுபடி கடிகாரம்தான். 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் எண் அது.

"மாஸ்டர் பாஸ்வேர்டு வேறு யாருக்கோ தெரிந்துவிட்டது"

மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றியது இன்றைய கோப்புக்கு மட்டும். டிரைவின் பழைய நிலைகளில், குப்பைத் தொட்டியில், பழைய போனில், மோதல் கோப்புகளில் உள்ள பெட்டகங்கள் இன்னும் பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். அவர் டிரைவ் கணக்குக்குள்ளும் நுழைந்திருந்தால் ஒரு பிரதி அவரிடமே இருக்கும், அதை நாம் திரும்ப வாங்க முடியாது. எனவே வரிசை இதுதான்: கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பெட்டகத்தின் பகிர்வில் 'லிங்க் உள்ள யாரும்' என்று இருந்தால் எடுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டிரைவில் பழைய நிலைகளை நீக்குங்கள். அதற்கு மேல் பெட்டகத்துக்குள் இருக்கும் பாஸ்வேர்டுகளையே மாற்ற வேண்டும். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே மீட்டுவிடலாம். அடுத்து வங்கி. மீதியை ஒரு வாரத்தில் முடியுங்கள்.

"போன் கடலில் விழுந்துவிட்டது"

நம் கரையில் இது அடிக்கடி நடப்பது. பெட்டகம் டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கிறது. டிரைவுக்குள் போகக் கூகுள் பாஸ்வேர்டு வேண்டும், அது பெட்டகத்துக்குள். எப்படியோ நினைவுக்கு வந்தாலும் கூகுள் கேட்கும் குறியீடு போனுக்குப் போகும், போன் பாம்பன் தண்ணீரில். மாற்று சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. திருட்டு சிம் மோசடியைத் தடுக்க வந்த கட்டுப்பாடு அது, நல்லதற்குத்தான், ஆனால் அந்த ஒரு நாள் காத்திருக்கத்தான் வேண்டும்.

விழுந்த பிறகு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இரண்டு கேள்விகள். வீட்டில் வேறு எந்தக் கருவியிலாவது அதே கூகுள் கணக்கு திறந்திருக்கிறதா? பிள்ளையின் பழைய டேப்லெட், அலுவலகக் கணினி, எதுவானாலும் சரி, அதை வெளியேற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள். கணினியில் டிரைவ் செயலி இருந்தால் அதில் பெட்டகத்தின் பிரதி உண்டா? கோப்பு உண்மையிலேயே கணினியில் இறங்கியிருந்தால்தான் உண்டு. டிரைவ் செயலி ஸ்ட்ரீம் முறையில் இருந்தால் பெயர் மட்டும் தெரியும், கோப்பு இணையத்திலேயே இருக்கும். பெட்டகத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'அவைலபிள் ஆஃப்லைன்' என்று வைத்திருந்தால் தப்பித்தீர்கள்.

விழாத போனை வைத்திருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒரு தாள். கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தில் பேக்கப் கோட்ஸ் என்று கேட்டால் 8 இலக்க எண்கள் 10 தரும், ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு. அவற்றையும், கூகுள் பாஸ்வேர்டையும் தாளில் எழுதுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டை இதே தாளில் எழுதாதீர்கள். அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் வேறு தாளில், வேறு வீட்டில். என் மைத்துனர் முதல் தாளை ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார், இரண்டாவது உச்சிப்புளியில் என் அத்தை வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். உங்கள் போனை அணைத்து வேறு அறையில் வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரின் கணினியில் புது உலாவியைத் திறந்து, கையில் முதல் தாளையும் நினைவில் மாஸ்டர் பாஸ்வேர்டையும் மட்டும் வைத்துக்கொண்டு டிரைவுக்குள் போய்ப் பெட்டகத்தை இறக்கித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து கணக்கை வெளியேற்றுங்கள், இறக்கிய கோப்பை நீக்குங்கள், பயன்படுத்திய பேக்கப் கோடைத் தாளில் அடித்துவிடுங்கள்.